அவள் பெயரில் நான் படித்த இரண்டாம் வகுப்பு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒழுங்காக எழுத வராது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிவிடும். மறதியும் உண்டு. அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனால், காய்ந்த துணியை மடக்கி வைக்கும்போதுதான் வெந்நீர் நினைவுக்கு வரும். அதனால் இதில் முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்திருக்கலாம்.

நான் படித்தது நாலாம் கிளாஸ் வரைக்கும். அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் பேசுவதும் சபையில் பாடுவதும் தமிழ். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் வாசிக்க எப்படியோ பழகிவிட்டது. எழுதிப் பார்த்ததில்லை. எழுத வேண்டிய தேவையும் வரவில்லை. ரேஷன் கடையிலும் பேங்கிலும் மலையாளத்தில் பெயரைப் போட்டால் போதும். தமிழில் எழுத நான் கற்றுக்கொண்டது அறுபத்தெட்டாவது வயதில், கொரோனாக் காலத்தில், போனில் வந்த இரண்டாம் வகுப்புப் பாடத்தில். அந்த வகுப்பு எனக்காக நடத்தியதல்ல. வேறொரு பிள்ளையின் பெயரில் நான் இருந்து படித்தேன். அது தப்பு. அந்தத் தப்பால், டீச்சராவதற்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படிப்பு கெட்டுப்போகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீடு கேரள எல்லையில், செங்கல் என்கிற ஊருக்கும் பாறசாலைக்கும் இடையில், ரப்பர் நிற்கிற ஒரு சரிவின் தலைப்பில் இருக்கிறது. மகன் கல்பில், அரபு நாட்டில் வேலை. வீட்டில் நான் மட்டும்தான். முன்பக்கம் சிட்அவுட் திண்ணையில் நின்றால் போனுக்கு ரேஞ்சு தாராளமாகக் கிடைக்கும். கீழே, வயலை ஒட்டி, வாழைக்கும் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கும் நடுவில் இன்னொரு வீடு உண்டு. அங்கே ரேஞ்சு கிடையாது. அந்த வீட்டுக்காரன் கான்கிரீட் வேலைக்குப் போகிறவன். அவன் மனைவி அண்டி ஆபீஸில் முந்திரிப்பருப்புக்குத் தோலெடுக்கிறவள். பிள்ளைகள் இரண்டு. மூத்தது பெண், இரண்டாம் வகுப்பு, தமிழ் டிவிஷன். இளையது அப்போது நடக்கத் தொடங்காத ஆண்பிள்ளை. வீட்டுக்கு ஒரே போன். அது காலையிலேயே தகப்பன் சட்டைப்பையில் ஏறி வேலைக்குப் போய்விடும்.

பள்ளிக்கூடம் பூட்டி, இனிமேல் படிப்பு போனில்தான் என்று ஆனபோது கீழ்வீட்டுக்காரி மேலே ஏறி வந்தாள்.

“மாமி, உங்களுக்க நம்பரெ குடுத்திருக்கேன். பத்து மணிக்கு பாடம் வருமாம். பிள்ளை இஞ்ச வந்து இருந்து பாக்கட்டு, செரியா?”

“அதுக்கென்ன, வரட்டு.”

முதல் வாரம் பிள்ளை வந்தாள். தலையை இரண்டாகப் பின்னி, பையை முதுகில் மாட்டி, உண்மையான பள்ளிக்கூடத்துக்குப் போகிறது மாதிரியே சரிவில் ஏறி வருவாள். சீனி டின்னில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

இரண்டாம் வாரம் அண்டி ஆபீஸ் திறந்தார்கள். தாய் வேலைக்குப் போனாள். தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா, பிள்ளை வருவது நின்றுபோயிற்று. தாய் ஒருநாள் வேலை முடிந்து போகிற வழியில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று சொன்னாள்.

“மாமி, ஒரு உபகாரம் செய்யணும். பாடம் வந்தா அடியிலெ அந்தப் பெருவிரல் படத்தெ ஒண்ணு அமுக்கி விடணும். இல்லெங்கி பிள்ளை வரல்லேண்ணு டீச்சர் எழுதிப்போடுவா.”

“அவ பாக்காம நான் எப்பிடி அமுக்கது?”

“நீங்க பாருங்க. யாராவது ஒரு ஆளு பாத்தா செரிதானே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான்.

பாடம் எடுத்தது பள்ளிக்கூடத்து டீச்சரல்ல. டீச்சர் டிரெயினிங் படிக்கிற ஒரு பெண். பிள்ளைகள் முன்னால் நின்று பழகவேண்டிய மாதங்களில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால், வெள்ளறடையில் தன் வீட்டில் இருந்தே பாடத்தைப் போனில் பிடித்து அனுப்பினாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு நீலப் போர்வையைக் கட்டியிருப்பாள். போர்வையின் ஓரத்தில் ஜன்னல் கொஞ்சம் தெரியும். ஜன்னலில் எப்போதும் ஏதோ ஒரு மரத்தின் இலை அசைந்துகொண்டிருக்கும். சில நாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே மழை பெய்யும். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் அவள் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும். “கேக்கியளா மக்களே?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது மாதிரி கொஞ்சம் நிறுத்துவாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்து “கேக்குது” என்று சொல்லிவிடுவேன். அப்போது எங்கள் முற்றத்தில் வெயில் அடிக்கும். வெள்ளறடையில் மழை, இங்கே வெயில், நடுவில் என் சீனி டின். அந்த அரைமணி நேரம் நான் எந்த ஊரில் இருந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியும் என்றுதான் முதல் மூன்று வாரமும் நினைத்திருந்தேன். அவளை நான் பார்க்கிறேன் என்றால் அவளும் என்னைப் பார்ப்பாள்தானே? அதனால் ஒன்பதரைக்கே தலை சீவி, துவைத்த நேரியல் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போனுக்குப் பக்கவாட்டில் பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி நிற்பேன். மகன் ஒருநாள் கல்பில் இருந்து கூப்பிட்டபோது கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். “அம்மா, அது நேத்தெக்கே எடுத்து வச்ச படமாக்கும்” என்றான். அன்றிலிருந்து போனுக்கு நேர் முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாம் கிளாஸில் ஒருமுறை விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்து அடி வாங்கினவள் நான். யாரும் என்னைப் பார்க்காத ஒரு வகுப்பு உலகத்தில் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புரியாவிட்டால் நிறுத்தலாம். திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வைக்கலாம். எத்தனை தடவை கேட்டாலும் அந்தப் பெண்ணின் முகம் சுளிக்காது.

வீட்டுப்பாடம் வந்தபோதுதான் வழி தப்பியது. பாடத்தில் வந்த வரியை நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கீழ்வீட்டிலிருந்து நோட்டு மட்டும் மேலே வந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூன்று நாள் நான் பெருவிரலை மட்டும் அமுக்கினேன். நாலாம் நாள் அந்தப் பெண் குரலில் சொல்லி அனுப்பினாள். “மக்கா, நீ எல்லா கிளாஸும் பாக்கிறே, ஆனா நோட்டு வரல்லியே. சுகமில்லியா? டீச்சர் வீட்டுக்கு வந்து பாக்கணுமா?”

வீட்டுக்கு வருவாள் என்றதும் நோட்டைத் திறந்தேன். பென்சிலை எடுத்தேன். “மழை வந்தது. குடை எங்கே?” என்று இரண்டே வரி. அந்த ‘ழ’ மட்டும் அரை மணி நேரம் எடுத்தது. எழுதி முடித்துப் பார்த்தால், ஆறு வயதுப் பிள்ளை எழுதினது மாதிரியே இருக்கிறது. அதற்காக நான் நடிக்கவில்லை. எனக்கு வந்த எழுத்தே அதுதான்.

படம் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் வந்தது. கூடவே அவள் குரல், கெட்டிக்காரி என்று கொஞ்சி. “மிடுக்கி! நல்லா எழுதியிருக்கே. அந்த ழகரத்துக்க வாலெ மட்டும் கொஞ்சம் நீட்டணும், கேட்டியா?”

அந்தக் குரலைப் பகல் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மத்தியானம் பாயில் சாய்ந்தபோதும் கேட்டேன். கேட்டபடியே கண் அயர்ந்துவிட்டது. கனவில் ஒரு பெரிய சிலேட்டின் மேல் நடந்துபோகிறேன். காலடியில் எல்லாம் வெள்ளையாக வால் நீண்ட எழுத்துகள் படுத்துக் கிடக்கின்றன. ஒன்றையும் மிதிக்காமல் நடக்கவேண்டும். எழுந்தபோது வாசலில் ஆட்டுக்குக் குழை வைக்க நேரமாகியிருந்தது.

அதற்குப் பிறகு கீழ்வீட்டு நோட்டு கீழே போகவேயில்லை. என் வீட்டிலேயே, சீனி டின்னுக்கு அடியில் இருந்தது. தினமும் எழுதினேன். வால் நீண்டது. எழுத்தெல்லாம் கோட்டில் உட்காரத் தொடங்கியது. நட்சத்திரம் வராத நாள் சோறு இறங்காது. ஒருதடவை வாசித்துக் குரலில் அனுப்பச் சொன்னாள். என் குரலில் எப்படி அனுப்ப? ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டில் இருந்ததால் பிள்ளையை மேலே கூப்பிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவள் திரும்பச் சொன்னாள். பாவம், நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளை. நாலு வரியையும் மனப்பாடமாக மணிமணியாகச் சொன்னாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் நேராக்கிப் பிடிக்க வைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ செய்யும்.

மழைக்காலம் போய், கட்டுப்பாடெல்லாம் கொஞ்சம் தளர்ந்த ஒரு சனிக்கிழமை, அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். கூட டிரெயினிங்கில் படிக்கிற இரண்டு பெண்கள். ஒருத்தி நெட்டை. ஒருத்தி கண்ணாடி போட்டவள். முற்றத்தில் ஆட்டோ நின்றபோது நான் மரச்சீனி அவித்துக்கொண்டிருந்தேன். போனில் உள்ளங்கை அளவு இருந்தவள், ஆள் உயரத்துக்கு என் சிட்அவுட்டில் ஏறி வந்து, “அம்மச்சி, இதுதானே அந்த நம்பருள்ள வீடு? எனக்க மிடுக்கி எங்கெ?” என்று கேட்டாள்.

“கீழெ... வீடு கீழெயாக்கும். இருங்க மக்கா. கட்டஞ்சாயா போடுறேன்” என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன். அவளே சரிவின் விளிம்பில் நின்று பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கீழேயிருந்து “வாறேன்” என்று சத்தம் வந்தது.

பிள்ளை ஏறி வருகிற வரைக்கும் அந்த மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தது எனக்கு அடுக்களையில் கேட்டது. அவர்கள் ஒவ்வொருவரும் படிப்பு முடிப்பதற்கு ஒரு புராஜெக்ட் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இவள் எடுத்துக்கொண்டது, போனில் நடக்கிற இந்தப் படிப்பால் பலன் உண்டா என்பதைப் பற்றி டிரெயினிங் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பது. கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

“உள்ளது சொன்னா எடி, இது வெறும் ஏமாத்தாக்கும்” என்றாள் நெட்டைப் பெண். “எனக்க லிஸ்டிலெ ஒருத்தன் உண்டு. நான் பாடம் போடுமுன்னெ அவனுக்க பெருவிரல் வந்திரும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரி சொன்னாள், “எனக்கு வீடியோ எடுக்கப் பிடிச்சிருக்கு. தப்பு வந்தா வெட்டிட்டு ரெண்டாமதும் எடுக்கலாம். கிளாஸிலெ நின்னா எனக்கு கை விறைக்கும். ஆனா பிள்ளையளுக்கு பிரயோஜனம் உண்டாண்ணு கேட்டா, நான் இல்லேண்ணுதான் எழுதித் தந்திருக்கேன்.”

“எல்லாரும் அப்பிடித்தான் எழுதித் தந்திருக்கிய” என்றாள் நம் பெண். “ஒருத்தர் விடாம. நான் மட்டும் உண்டுண்ணு எழுதியிருக்கேன். எங்க சார் சொன்னார், அத்தறை பேரும் இல்லேண்ணு சொல்லும்போ நீ உண்டுண்ணு சொல்லணுமெங்கி தெளிவு வேணுமாம், ஆதாரம் வேணுமாம். எனக்கிட்டெ தெளிவு உண்டு. இஞ்ச பாருங்க.”

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பையிலிருந்து தாள்களை எடுத்துச் சிட்அவுட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். என் வீட்டுப்பாடங்கள். எல்லாம் பெரிதாக அச்செடுத்தவை. முதல் நாள் எழுதின ‘மழை’யிலிருந்து போன வாரம் எழுதின பட்டாம்பூச்சிப் பாடம் வரைக்கும்.

“முதல் தாளெ பாரு, ழகரம் செத்த எறும்பு மாதிரி கெடக்கு. இதெ பாரு. இப்பம் இதெ பாரு. ஒரு நாளுகூட நேரிலெ பாக்காத பிள்ளையாக்கும் இது. எனக்க சத்தத்தெ மட்டும் கேட்டு எழுதினது. எனக்க புராஜெக்டே இந்தப் பிள்ளையாக்கும்.”

சாயா பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. என்னை அதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. ஓடி ஒளிய வேண்டும் என்று அதுவரை அப்படித் தோன்றியதுமில்லை.

பிள்ளை வந்துவிட்டாள். இடுப்பில் தம்பி. அவனைச் சுமந்து சுமந்து அவள் உடம்பே ஒருபக்கம் வளைந்து நின்றது. நம் பெண் ஓடிப்போய்க் குனிந்து, “எனக்க மிடுக்கி! டீச்சரெ தெரியுதா?” என்றாள். பிள்ளை அவளைப் பார்த்தாள், தெரியவில்லை. ஒரே ஒரு வாரம் பார்த்த முகம். பென்சிலும் நோட்டும் கொடுத்து, “மக்கா, மழைண்ணு ஒண்ணு எழுதிக் காட்டு. இந்த அக்காமாரு பாக்கட்டு” என்றாள். பிள்ளை பென்சிலை வாங்கவில்லை.

“எழுது மக்கா, வெக்கப்படாதே.”

“அம்மச்சி எழுதும்” என்றாள் பிள்ளை.

சொல்லிவிட்டு அடுக்களைக் கதவைப் பார்த்தாள். அவர்களும் பார்த்தார்கள். நான் மரச்சீனிப் பாத்திரத்தோடு கதவில் நிற்கிறேன். பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து அந்தப் பென்சிலை எடுத்தேன். நோட்டில் ‘மழை’ என்று எழுதினேன். வாலை நன்றாக நீட்டி எழுதினேன். எனக்கு அன்றைக்கு இருந்த வாய் அது ஒன்றுதான்.

ரப்பர் மரங்களுக்குள் ஏதோ ஒரு பறவை விட்டு விட்டுக் கூவியது. பிறகு நெட்டைப் பெண் கேட்டாள், “எடி, உனக்க மிடுக்கிக்கு வயசு எத்தறை?”

கண்ணாடிக்காரி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நம் பெண் சிரிக்கவில்லை. தரையில் பரப்பின தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“எல்லாமே நீங்களா அம்மச்சி?”

“வாசிச்சது மட்டும் அவளாக்கும்” என்றேன். “அதும் நான் சொல்லிக் குடுத்து.”

அவள் கண் நிறைந்தது. “எனக்க ஒரு வருஷத்தெ படிப்பாக்கும் இது. திங்கக்கிழமை நான் என்னத்தெ கொண்டு குடுப்பேன்?”

“அப்பிடியே குடு” என்றாள் கண்ணாடிக்காரி. “யாரு இஞ்ச ஏறி வந்து பாக்கப்போறா? எழுத்து உண்டு, படம் உண்டு, எல்லாம் கரெக்டாக்கும்.”

“பிள்ளை மட்டும் இல்லே” என்றாள் நெட்டைப் பெண், தாழ்ந்த குரலில்.

இதற்குள் தம்பி இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, மரச்சீனிப் பாத்திரத்தில் கையை விட்டான். “எலே!” என்று பிள்ளை அவனைப் பிடித்துத் தூக்கினாள். அவன் வீறிட்டுக் கத்தினான். நம் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

“மக்கா, உனக்கு கிளாஸ் பாக்க ஆசை இல்லியா?”

“ஆசை உண்டு. இவன் அழுவான்.”

“அதுக்கு?”

“இவனெ யாரு எடுப்பா?”

அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டதில்லை. ஆனால் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. அத்தனை மாதமும் தினமும் பத்து மணிக்கு நான் சும்மாதான் இருந்தேன். பெருவிரலை அமுக்கத் தெரிந்தது. படம் எடுக்கத் தெரிந்தது. அவள் எழுத வேண்டியதை எழுதத் தெரிந்தது. கீழே இறங்கிப்போய் அந்தப் பையனை ஒரு அரைமணி நேரம் இடுப்பில் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. நோய் பயம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அது உண்மையில்லை. அந்த அரைமணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது, அதுதான் உண்மை.

“இஞ்ச தா” என்று கையை நீட்டினேன். கனமான பையன். என் நேரியலில் மூக்கைத் துடைத்துவிட்டு அழுகையை நிறுத்தினான்.

அவர்கள் மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் சாப்பிட்டார்கள். நம் பெண் மட்டும் தொடவில்லை. ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசியில் என்னைக் கேட்டாள்.

“அம்மச்சி, நீங்க எத்தறை கிளாஸ் பாத்திய?”

“ஒண்ணும் விடல்லே.”

“இந்த ழகரம் எப்பிடி பிடி கெடச்சுது?”

“நீங்க கையெ காத்திலெ வளைச்சு வளைச்சுக் காட்டினியல்லா. அதெ நிறுத்தி நிறுத்தி பாத்தேன். நாலு நாளு. போனுக்கு முன்னெ எனக்கு வெக்கம் இல்லே. நேரிலெயாயிருந்தா நான் வந்து இருந்திருக்கவே மாட்டேன்.”

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு பிள்ளையிடம் திரும்பி, என்றைக்கெல்லாம் வகுப்பு தவறியது, காலையில் என்னென்ன வேலை, தம்பி எப்போது தூங்குவான் என்றெல்லாம் கேட்டு அதையும் எழுதினாள். ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் ஆட்டோக்காரன் காத்துக்கிடந்தான்.

அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் சரியில்லை. என்னால் ஒரு பெண்ணின் படிப்பு போய்விட்டது என்றே இருந்தேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். பழைய பக்கங்களை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தாளாம். வகுப்பு போய்ச் சேர்ந்தது ஒரு அம்மச்சிக்கு, போய்ச் சேராதது இடுப்பில் தம்பி இருந்த பிள்ளைக்கு, பெருவிரல் இரண்டையும் ஒன்றுபோலக் காட்டியது என்று எழுதினாளாம். சார் நம்பவில்லை. அறுபத்தெட்டு வயதில் இரண்டாம் வகுப்பா, கதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டாராம். அதனால் நான் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

எழுதினேன். “இந்த வீட்டுப்பாடங்களை எழுதியது நான்தான். பிள்ளை எழுதவில்லை. பிள்ளை மேல் குற்றமில்லை.” அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரைத் தமிழில் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நீளமான பெயர் ஒன்றுமில்லை, ஆனாலும் நேரம் எடுத்தது. படம் பிடித்து அனுப்பினேன். நட்சத்திரம் வரவில்லை. வராதது நியாயம்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அவள் குரல் வந்தது. “தோக்கல்லே அம்மச்சி. மார்க்கு கொஞ்சம் கொறஞ்சுது. உங்களெ பிள்ளையாட்டு கணக்கிலெ சேக்க முடியாதாம். கடைசிப் பக்கத்திலெ குறிப்பாட்டு வச்சுக்கோண்ணு சார் சொல்லிட்டார். பின்னெ, அந்தப் பெருவிரலெ இனிமேல் யாரும் எண்ணப்பிடாதுண்ணு எங்க கிளாஸிலெ எல்லாருக்கும் சொன்னார்.”

அந்தச் சனிக்கிழமை டிரெயினிங் பெண் வந்துபோனதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் பிள்ளை தலையை இரண்டாகப் பின்னிக்கொண்டு மேலே வந்தாள். தம்பியை என்னிடம் தந்துவிட்டுச் சீனி டின்னுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பருக்குள் இறங்கினேன். இல்லாவிட்டால் சிட்அவுட்டிலேயே நின்று நானும் எட்டிப் பார்ப்பேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கையில்லை.

அந்த முதல் வாரம் பிள்ளை எழுதியது என் முதல் நாள் எழுத்தைவிட மோசம். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. அதைப் படம் பிடித்து நானே அனுப்பினேன். உடனே நட்சத்திரம் வந்தது. அதே மஞ்சள் நட்சத்திரம். “எனக்க மிடுக்கி” என்று அதே குரல். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் என்று எழுதியது பொய். நிறையவே இருந்தது. பள்ளிக்கூடம் திறந்தபோதும் அவள் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் இருந்தாள். எட்டிப்பிடிக்க மேலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வருஷத்தில் பாதி என் பொறுப்பு.

என்றாலும் கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது அந்தக் காலைகள்தான். ரப்பர் மரங்களின் நிழல் தரையில் கோடு கோடாகக் கிடக்கும், வரி போட்ட நோட்டு மாதிரி. மரத்தில் கட்டின சிரட்டைகளில் ரப்பர்ப் பால் நிறைந்து வெளுத்துத் தெரியும். தோளில் பையன் உறங்கிக் கனத்துக்கொண்டே வருவான். மேலே சிட்அவுட்டில் இருந்து அந்தக் குரல், சொற்கள் ஒன்றும் பிரியாமல், வெறும் ஓசையாக இறங்கி வரும். எப்போதாவது ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்கும். “கேக்கியளா மக்களே?” மேலேயிருந்து பிள்ளை சத்தமாக “கேக்குது!” என்பாள். நான் வாயை மூடிக்கொண்டு நடப்பேன்.

அந்தப் பெண் இப்போது கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அங்கே வகுப்பில் சுவர் அளவுக்குத் திரை வைத்துப் பாடம் காட்டுகிறார்களாம். பழக வருகிற டிரெயினிங் பிள்ளைகளிடம் என் காரியத்தைச் சொன்னால், சார் நம்பாதது மாதிரியே அவர்களும் நம்புவதில்லையாம். “நீங்களே எழுதித் தாங்க அம்மச்சி” என்று மூன்று தடவை கேட்டாள். அதனால் எழுதினேன்.

இதில் அவள் தோழிகள் சொன்னதை யார் சொன்னது என்று மாற்றி எழுதியிருப்பேனோ என்று சந்தேகம் உண்டு. அவள் ஜன்னலில் ஆடினது மாமரமா பலாவா என்று எனக்கு நிச்சயமில்லாததால் மரம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். முதல் வீட்டுப்பாடம் மழையா, அதற்கு முன்னால் வேறு ஏதாவது உண்டா என்பதும் அவளிடம் உள்ள அந்தத் தாள்களைப் பார்த்தால் தெரியும். தயவுசெய்து அவளோ அந்த இரண்டு பேரில் ஒருத்தியோ இதை ஒருதடவை வாசித்துச் சரிபார்த்துத் தர வேண்டும். தப்பு இருந்தால் என் எழுத்தின் மேலேயே வெட்டித் திருத்தலாம். கீழ்வீட்டுப் பிள்ளையிடமும் காட்டுங்கள். இப்போது அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். அவளைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.